ஊர் திரும்பும் தெய்வங்கள்

நவராத்திரிக்குச் சில நாள் முன்பு, பத்மநாபபுரம் கொட்டாரத்தின், அதாவது அரண்மனையின், உப்பரிகை மாளிகையிலிருந்து ஒரு வாளைக் கீழே கொண்டுவருவார்கள். திருவிதாங்கூர் மன்னரின் உடைவாள் அது. கேரள அமைச்சர், தேவசம் அதிகாரிகள், தமிழ்நாட்டு அறநிலையத் துறையினர் எல்லாரும் கூடியிருக்க, அது முறைப்படி கைமாறும். வெளியே தேவாரக்கட்டு சரஸ்வதிக்காக யானை காத்து நிற்கும். வேளிமலையிலிருந்து குமாரசுவாமி வந்து சேர்ந்திருப்பார். சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை முந்தைய நாளே புறப்பட்டு வந்திருப்பாள். இரண்டு மாநிலக் காவல்துறையும் மரியாதை செலுத்த, வாள் முன்னே செல்ல, மூன்று தெய்வங்களும் திருவனந்தபுரத்துக்கு நடை தொடங்கும்.

தூரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு மணி நேரம். தெய்வங்களுக்கோ மூன்று நாள்.

பார்க்க வருகிறவர்களில் பலர் இதை ஒரு கோயில் விழாவாக மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு தலைநகரம் இடம் மாறியதால் வந்த சிக்கலும், அதற்குக் கன்னியாகுமரிப் பகுதியான நாஞ்சில் நாடு கண்ட தீர்வும் இந்த ஊர்வலத்துக்குள் இருக்கின்றன.

அரசர்கள் தலைநகரை மாற்றும்போது குலதெய்வத்தை என்ன செய்வது என்பது இந்தியாவெங்கும் எழுந்த கேள்விதான். தார்ப் பாலைவனத்தின் விளிம்பில், 1459-இல் ராவ் ஜோதா தன் பழைய தலைநகரான மந்தோரை விட்டு வந்து, ஒரு செங்குத்துப் பாறையின் மேல் மெஹ்ரான்கர் கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். ஜோத்பூர் பிறந்தது அப்படித்தான். அடுத்த ஆண்டே மந்தோரிலிருந்த சாமுண்டா தேவியின் சிலையைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்துவிட்டார். அம்மன் அன்று குடியேறியவள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். பிருந்தாவனத்தின் கோவிந்த தேவர் ஜெய்ப்பூர் அரண்மனைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய இதே கதை. அரசன் போகும் இடத்துக்குத் தெய்வமும் மூட்டை கட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது ராஜஸ்தானத்து வழக்கம்.

திருவிதாங்கூரில் அப்படி நடக்கவில்லை. இங்கே அரசர் போனார்; தெய்வங்கள் ஊரிலேயே இருந்துகொண்டன. ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகின்றன.

*

பத்மநாபபுரம் முதலில் கல்குளம். வேளிமலையின் அடிவாரத்தில், தக்கலையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கிறது. திருவிதாங்கூரின் முன்னோரான வேணாட்டு அரசர்களுக்கு இதற்கு முன்பும் இந்தப் பகுதியில் இருப்பிடங்கள் உண்டு. திருவிதாங்கோடு ஒன்று, பின்னாளில் அரசுக்கே அந்த ஊரின் பெயர்தான் நின்றது. இரணியல் இன்னொன்று. கல்குளத்தில் கொட்டாரம் எழும்பியது 1601 வாக்கில், இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் என்பார்கள். அந்த வளாகத்திலேயே பழையது தாய்க்கொட்டாரம் எனப்படும் நாலுகெட்டு வீடு. அது இன்னும் முந்தியது என்பது பொதுக்கருத்து.

நாஞ்சில் நாட்டின் நெல்வயல்கள் மேல் எல்லாருக்கும் கண். பாண்டியரும் சோழரும் போன பிறகு மதுரை நாயக்கர் படைகள் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கின. பதினேழாம் நூற்றாண்டில் கணியாகுளம் போரில் வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப் பிள்ளை விழுந்தார். அவர் கதையை வில்லிசையில் பாடும் வழக்கம் இப்பகுதியில் இருந்தது. கணவாய்க்கு மிக அருகில் இருந்தால் ஆபத்து, வயலை விட்டு விலகிப் போனால் நட்டம். கல்குளம் இரண்டுக்கும் நடுவே, முதுகுப்புறம் மலையோடு அமைந்த இடம்.

1729-இல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு வாசலிலேயே எதிரிகள். முந்தைய மன்னரின் மகன்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அரசுரிமை கேட்டு நின்றார்கள். மருமக்கள்வழியில் அரசு மகனுக்கு வராது, சகோதரி மகனுக்குத்தான் வரும். இந்த முறை அரச குடும்பத்தோடு நிற்கவில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களிலும் புகுந்து, இருபதாம் நூற்றாண்டில் தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' என்று நையாண்டி நூலே எழுதும் அளவுக்குக் குடைந்தது. தம்பிகள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்குத் துணைநின்ற பிரபுக்களான எட்டு வீட்டுப் பிள்ளைமார் ஒடுக்கப்பட்டார்கள்.

1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சல் கடற்கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாச்சியஸ் டிலனாய். மன்னர் அவரைத் தன் படைக்கே பயிற்சியாளராக்கிக்கொண்டார். 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கினார் டிலனாய். பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தி, அங்கே பீரங்கி வார்க்கும் உலையும் வைத்தார். 1777-இல் அவர் இறந்தபோது அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன.

வெற்றிக்குப் பிறகு, 1744-இல், கல்குளம் பத்மநாபபுரம் ஆனது. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா செய்ததுதான் இந்தக் கதையின் திருப்பம். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி சன்னதியில், ஒற்றைக்கல் மண்டபத்தில், நாட்டையே பெருமாளுக்கு எழுதிக்கொடுத்து, உடைவாளை அங்கே வைத்து, பெருமாளின் ஊழியனாகத் திரும்ப எடுத்துக்கொண்டார். திருப்படிதானம் என்று அதற்குப் பெயர். அன்றிலிருந்து திருவிதாங்கூர் மன்னர் 'பத்மநாபதாசர்'. மேவாரில் ஏகலிங்கநாதரே அரசர், மகாராணா அவருடைய திவான் என்று ஒரு மரபு உண்டு. பாலை நாட்டுக்கு அருகே ராஜபுத்திரர்கள் கண்ட அதே உத்தியை மலைநாட்டு மன்னரும் கையாண்டார். அரசை எதிர்ப்பவன் இனி மனிதனை மட்டும் எதிர்க்கவில்லை, பெருமாளையும் எதிர்க்கிறான். அதனால்தான் வாளுக்கு இவ்வளவு மரியாதை. ஊர்வலத்தில் முன்னே போகும் வாள், பெருமாளின் அரசு நடக்கிறது என்பதற்கான அத்தாட்சி.

*

ராஜஸ்தானத்துக் கோட்டைகளைப் பார்த்துவிட்டு வருகிறவருக்குப் பத்மநாபபுரம் முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். மெஹ்ரான்கர் சமவெளியிலிருந்து 120 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்பது. இந்தக் கொட்டாரமோ ஓட்டுக்கூரையைத் தாழ்த்திப் பணிந்து கிடக்கிறது. இரண்டு பருவமழையும் அடிக்கும் நாட்டில், ஆண்டில் பாதி நாள் ஈரத்தில், பலாவும் தேக்கும் கொண்டு கட்டிய வீடு அப்படித்தான் இருக்க முடியும். சுற்றிலும் கருங்கல் கோட்டை மதில். நடுவே ஆறரை ஏக்கரில் கொட்டாரம்.

பூமுகத்தில் நுழைந்ததும் தலையை நிமிர்த்த வேண்டும். மேற்கூரை மரத்தில் தொண்ணூறு பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்று போல் இன்னொன்று இல்லை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அங்கே தொங்கும் குதிரை விளக்கு வெண்கலத்தால் ஆனது. மாடியில் மந்திரசாலை. மன்னர் அமைச்சர்களோடு கூடிய அறை. சாளரங்களில் பலகைகள் சாய்வாக அடுக்கப்பட்டிருப்பதால் வெயில் நேராக உள்ளே வராது. காற்று மட்டும் வரும்.

கீழே குனிந்தால் தரை. கண்ணாடி போல் கறுத்து மின்னும் அந்தத் தளத்துக்குச் சுண்ணாம்போடு சுட்ட சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்தார்கள். மெழுகி, தேய்த்து, மறுபடி தேய்த்து வந்த மினுக்கம் அது. நடப்பவர் காலடிக்குக் கீழே தன் உருவமே அசைவதைக் காணலாம். ஊட்டுப்புரையில் ஒரே நேரத்தில் 2,000 பேருக்குச் சோறு போட இடம் உண்டு. உப்பும் ஊறுகாயும் வைத்த பெரிய சீன ஜாடிகள் இன்னும் அங்கே நிற்கின்றன.

உப்பரிகை மாளிகை நான்கு அடுக்கு. அடியில் கருவூலம். அதன்மேல் மன்னர் படுக்கையறை. மூலிகை மரங்களால் ஆன கட்டில் ஒன்று அங்கே உண்டு. உச்சி அடுக்கு பெருமாளுக்கு. சுவர் முழுக்க ஓவியம், நடுவே விளக்கு. அரசனுக்குக் கீழே பணம், அரசனுக்கு மேலே தெய்வம். பத்மநாபதாசர் என்ற சொல்லை ஒரு கட்டடமாக எழுப்பினால் இப்படித்தான் இருக்கும்.

கொட்டாரத்தின் இன்னொரு பக்கம் நவராத்திரி மண்டபம். மற்றக் கட்டடங்கள் மரத்தில் நிற்க, இது கல்லில் நிற்கிறது. செதுக்கிய கருங்கல் தூண்கள். பெண்கள் வெளியே தெரியாமல் அமர்ந்து பார்க்க மரச்சாளரங்கள். பக்கத்திலேயே தேவாரக்கட்டு சரஸ்வதி கோயில். அங்குள்ள சரஸ்வதி கம்பர் வணங்கியவள், அவரிடமிருந்து சேர மன்னர் கைக்கு வந்தவள் என்று ஊர் நம்புகிறது. நவராத்திரிக்கு இங்கேதான் கச்சேரியும் கூத்தும் நடந்தன.

*

கொட்டாரத்தின் புகழைச் சொல்லும் எவரும் அதன் நிழலையும் சொல்ல வேண்டும். நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை இந்த அரசின் அலுவலர். டிலனாயோடு பழகிக் கிறித்தவரானார். 1745-இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். பிறகு சிறை, சித்திரவதை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். அவர் உடல் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. 2022 மே 15 அன்று வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. நாட்டைப் பெருமாளுக்கு எழுதிவைத்து இரண்டே ஆண்டுகளில் நடந்த கொலை அது.

தெருக்களும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. முன்னுதித்த நங்கை புறப்படும் சுசீந்திரத்தில், தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கவே பல சாதியினருக்குத் தடை இருந்தது. வைக்கம் போராட்டத்தைத் தொடர்ந்து 1926-இல் சுசீந்திரம் சத்தியாகிரகம் நடந்தது. டாக்டர் எம்பெருமாள் நாயுடு அதன் முன்னணியில் நின்றார். 1930-இல் மறுபடியும் போராட்டம். 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மன்னரின் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்த பிறகுதான் கதவுகள் திறந்தன. அதற்கு முன் நங்கை ஊர் ஊராக நடந்து போனாள். அவளைக் கும்பிடத் துடித்தவர்களில் எத்தனையோ பேரால் அவள் வீட்டு வீதியில் கால் வைக்க முடியவில்லை.

*

தலைநகரம் பெயர்ந்தது 1795-இல், 'தர்மராஜா' என்று பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில். அரசு வடக்கே கொச்சி எல்லை வரை விரிந்துவிட்டது. தென்கோடியில் இருந்துகொண்டு ஆள்வது கடினம். பெருமாள் கோயிலும் திருவனந்தபுரத்தில்தான். அலுவலகங்கள் போயின, படை போயிற்று, நாளடைவில் கலைஞர்களும் போனார்கள். கல்குளத்தில் மிஞ்சியவை நீலகண்டசுவாமி கோயிலும் மரக்கொட்டாரமும்.

நவராத்திரி மட்டும் சிக்கலாயிற்று. மன்னர் இருந்து நடத்தவேண்டிய விழா. மன்னரோ அங்கே இல்லை. இசையறிஞரான சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846) காலத்தில் விழா திருவனந்தபுரத்துக்கு மாறியது என்பதே பொதுவான வழக்கு. அப்போது ராவ் ஜோதாவைப் போல் சரஸ்வதியை ஒரேயடியாகக் கொண்டுபோயிருக்கலாம். செய்யவில்லை.

ஏன் என்பதற்கு ஊரின் அமைப்பிலேயே விடை தேடலாம். சுசீந்திரம் கோயில் அரசரின் சொந்தச் சொத்தாக வளர்ந்ததில்லை. அதற்குத் தன் நிலம், தன் யோகம் (நிர்வாக சபை), பற்பல அரச மரபுகளின் கல்வெட்டுகள். வேளிமலை முருகனுக்கு மலையும் குறவர்களும் வேண்டும். பங்குனியில் குமாரகோயிலில் வள்ளி கல்யாணத்தின்போது நடக்கும் குறவர் படுகளம் திருவனந்தபுரத்தில் நடக்க முடியாது. தெய்வத்தைப் பெயர்த்தால் நிலமும் ஊழியமும் விழாவும் சேர்ந்து பெயர வேண்டியிருக்கும். நெல் விளையும் நாட்டைப் பகைத்துக்கொள்ள எந்த மன்னருக்கும் மனம் வராது. ஆகவே விருந்துக்கு அழைப்பது, முறையோடு வழியனுப்புவது. மூன்று கோயில்களும் தங்கள் உரிமையை விடாமல் மன்னருக்கு மதிப்புக் கொடுத்தன.

ஊர்வலம் முதல்நாள் தக்கலை, மார்த்தாண்டம் கடந்து குழித்துறை மகாதேவர் கோயிலில் இரவு தங்கும். சரஸ்வதி யானைமேல், மற்ற இருவரும் பல்லக்கில். குமாரசுவாமிக்குரிய வெள்ளிக் குதிரையும் கூடவே போகும். வழிநெடுக வீட்டு வாசல்களில் குத்துவிளக்கு எரியும். பழமும் பூவும் தேங்காயுமாகத் தட்டம் வைத்துக் காத்திருப்பார்கள். இரண்டாம் நாள் களியக்காவிளையில் எல்லை. அங்கே கேரளத்தின் வரவேற்பு. பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் இரவு. மூன்றாம் நாள் பாலராமபுரம், கரமனை வழியாகக் கிழக்கேகோட்டை. அங்கே அரச குடும்பத்தார் வரவேற்பார்கள்.

ஊருக்குள் போனதும் மூவருக்கும் மூன்று இடம். சரஸ்வதிக்குக் கோட்டையகத்து நவராத்திரி மண்டபம். குமாரசுவாமிக்கு ஆரியசாலை தேவி கோயில். நங்கைக்குச் செந்திட்டை தேவி கோயில். மண்டபத்தில் ஒன்பது மாலையும் கச்சேரி. சுவாதித் திருநாள் இதற்கென்றே எழுதிய ஒன்பது கீர்த்தனைகள், நாளுக்கு ஒன்றாக, முதல் நாள் சங்கராபரணத்தில் தொடங்கி ஒன்பதாம் நாள் ஆரபியில் முடியும். கைதட்டல் கிடையாது, சரஸ்வதி முன் பாடுவது வழிபாடு.

பெண்கள் அங்கே பாடுவதற்கு இடமில்லாமல் இருந்தது. பாடப்படுவது ஒரு பெண்தெய்வத்தின் முன்னால்தான் என்பது யாருக்கும் உறுத்தவில்லை. 2006-இல்தான் அந்த வழக்கம் உடைந்தது. பாடியவர் பாறசாலை பி. பொன்னம்மாள். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. ஊர்வலம் ஆண்டுதோறும் கடந்துபோகும் எல்லையோர ஊர்தான் பாறசாலை.

விஜயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் பூஜைப்புரை மண்டபத்துக்கு எழுந்தருளுவார். பிறகு ஓய்வு. அதன்பின் வந்த வழியே திரும்பு நடை.

*

இந்த வழியின் மேல் வரலாறு பலமுறை கோடு கிழித்திருக்கிறது. பிரிட்டிஷ் ரெசிடெண்டாகவும் 1811 முதல் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கோயில்களின் நிலங்களோடு கோயில்களையும் அரசின் கைக்குள் கொண்டுவந்தார். நிலவருமானம் கஜானாவுக்குப் போனதால் கோயில் செலவை அரசு ஏற்கவேண்டியதாயிற்று. இந்தக் கணக்கு இன்றும் உயிரோடிருக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 290ஏ பிரிவு அதைத்தான் பேசுகிறது: கேரள அரசு ஆண்டுதோறும் திருவிதாங்கூர் தேவசம் நிதிக்கு 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், தமிழ்நாடு அரசு தன்னிடம் வந்த பகுதியின் கோயில்களுக்காக 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும் கொடுக்கவேண்டும். நாஞ்சில் நாட்டுக் கோயில்களின் விளக்கெண்ணெய்ச் செலவு நாட்டின் அரசியலமைப்பிலேயே ஏறியிருக்கிறது.

'வந்த பகுதி' சும்மா வரவில்லை. தெற்குத் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. தெய்வங்கள் கடக்கும் அதே சாலையில் மனிதர்கள் செத்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. மண் தமிழ்நாட்டுக்கு வந்தது. பத்மநாபபுரம் கொட்டாரம் கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றது. மற்றொரு பழைய இருப்பிடமான இரணியல் அரண்மனை இந்தப் பக்கம் இருந்தது. பத்மநாபபுரத்தின் தரை மெருகோடு இருந்த அதே பத்தாண்டுகளில் இரணியலில் ஓடு சரிந்து, உத்திரம் இற்று, சுவரில் செடி முளைத்தது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் பத்மநாபபுரம் இடம்பெற்றது. இரணியலைப் பற்றி வெளியூர்க்காரர்களில் கேள்விப்பட்டவர்களே குறைவு.

1956-க்கு முன் ஒரு நாட்டுக்குள் நடந்த ஊர்வலம் இப்போது இரண்டு மாநிலங்களுக்கு இடையே நடக்கிறது. வாளைக் கேரளம் எடுத்துத் தருகிறது. தெய்வங்களைத் தமிழ்நாடு அனுப்புகிறது. பாதுகாப்பு, யானை, போக்குவரத்து, தங்குமிடம் என்று ஒவ்வோர் ஆண்டும் இரு தரப்பு அதிகாரிகளும் பேசி முடிக்கிறார்கள். 2020-இல் கொரோனாவின்போது கூட்டமில்லாமல் சுருக்கமாக நடந்ததே தவிர, நிற்கவில்லை. இதே இரு அரசுகள்தான் நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டு வயல்களுக்கு வரவேண்டிய தண்ணீரைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஒத்துப்போகாமல், வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கின்றன. சரஸ்வதியும் குமாரசுவாமியும் நங்கையும் இரண்டாம் இரவு தங்குவது அந்த நெய்யாற்றின் கரையில்தான்.